உழவர் துயரும் மரச்செதுக்கு அச்சும்

மரப்பலகையிலோ லினோலியத்திலோ உருவத்தைச் செதுக்கி, மை உருட்டித் தாளில் ஒற்றியெடுக்கும் அச்சுக்கலை, 20ஆம் நூற்றாண்டில் ஏழை உழவர்களின் குரலாகவும் வளர்ந்தது. ஒரே கட்டையில் பல பிரதிகள் எடுக்கலாம், செலவும் குறைவு என்பதால் இயக்கங்கள் இதை விரும்பின.

ஜெர்மனியின் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் 1908இல் முடித்த ‘உழவர் போர்’ வரிசை, மரத்தில் அன்றிச் செப்புத் தகட்டு முறையில் அமைந்தது. அதன் முதல் படத்தில் மாட்டுக்குப் பதில் மனிதர்கள் ஏரில் பூட்டப்பட்டு, முகம் மண்ணில் படுமளவுக்குக் குனிந்து இழுக்கிறார்கள். இவரது படைப்புகளைச் சீனத்தில் பரப்பிய எழுத்தாளர் லூ சுன், 1931இல் ஷாங்காயில் மரச்செதுக்குப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தார்.

இந்தியாவில் இக்கலையைக் கூர்மையாக்கியது 1943 வங்கப் பஞ்சம். மாண்டவர்கள் ஏறத்தாழ 30 லட்சம் என்பது பரவலான மதிப்பீடு. ஓவியர் சித்தபிரசாத் (1915–1978) மேதினிப்பூர் கிராமங்களில் நடந்து, பட்டினியில் வாடியவர்களைக் கோட்டோவியங்களாக வரைந்தார். அவற்றைத் தாங்கி வந்த ‘பசித்த வங்காளம்’ நூலின் பிரதிகளை ஆங்கிலேய அரசு பறித்து எரித்தது. பின்னாளில் பம்பாயில் குடியேறிய அவர், உழைக்கும் குழந்தைகளையும் உழவர்களையும் லினோ அச்சில் செதுக்கினார்.

இம்மரபின் உச்சம் என்று கலைஞர் சோமநாத் ஹோரின் (1921–2006) தேபாகா செதுக்குகளையே சொல்ல வேண்டும். விளைச்சலில் பாதியை நிலக்காரருக்கு அளந்துவந்த வங்கத்து வாரக் குடியானவர்கள், மூன்றில் இரு பங்கு தமக்கே வேண்டும் என்று 1946இல் கிளர்ந்தார்கள்; இதுவே தேபாகா இயக்கம். அந்த டிசம்பரில் ரங்பூர் சென்ற ஹோர், அவர்களோடு தங்கி நாட்குறிப்பு எழுதினார். கூடவே படமும் வரைந்தார். பின்னர் அவற்றிலிருந்து மரச்செதுக்குகள் உருவாயின. இராக்கூட்டக் காட்சியில் இவ்வூடகத்தின் வலிமை விளங்கும். செதுக்காத பலகை கரிய இரவாக நிற்க, உளி பட்ட இடமெல்லாம் விளக்கொளியாகி உழவர்களின் முகங்களைத் துலக்குகிறது.

தமிழ்நாட்டில், குத்தகைக் குடியானவர்களுக்கும் பண்ணையாட்களுக்கும் பாதுகாப்பளிக்க 1952இல் சட்டம் தேவைப்பட்ட தஞ்சையும், பாட்டமும் (குத்தகை) வாரமும் பழகிய நாஞ்சில் நாடும் இப்படங்களில் தம்மை அடையாளம் காணும். பலர் கையில் சேர்வதற்கென்றே பிறந்த கலை இது. அருங்காட்சியகச் சுவரோடு நிற்காமல் நம் பள்ளிப் பாடநூல்களிலும் இடம்பெற வேண்டும்.