அறக்கொட்டியும் அதன் பகைகளும்

மட்டக்களப்புப் பிரதேச வரலாற்றை எழுதியோர் குடிவழி, கோயில், காணியுரிமை என்பனவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். அப்பிரதேசத்து வட்டைகளிலே பூச்சிகளுக்கிடையே நிகழ்ந்த போர் அவர்தம் கவனத்தை அதிகம் பெற்றதில்லை. உழவரின் விளைச்சலையும் உயிரையும் தொட்ட போர் அது.

ஏறாவூருக்கு மேற்கே உறுகாமக் குளத்தை நோக்கி விரியும் ஏறாவூர்ப்பற்றிலே மாரிமழையை நம்பிய வேளாண்மையே பண்டு மிகுதி. நெடுவயது நெல், குறைந்த பசளை, அறுவடையின் பின் வெறுந்தரை: தத்தியினம் பெருகுதற்கு இடம் சிறிதே. 1966இல் பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர். 8 வெளிவந்த காலத்தையொட்டிக் குறுநெல்லும் யூரியாவும் இருபோகப் பயிரும் ஆசிய வயல்களெங்கும் பரவின. விளைச்சல் பெருகியது உண்மை. அதனை மறுத்தல் நன்றியின்மையாகும்.

எனினும், 1970களின் நடுப்பகுதியிற் கிழக்கிலங்கையில் அறக்கொட்டி எனப்படும் கபிலநிறத் தத்தி பெருந்தொகையாய்ப் பெருகிற்று. தாளின் அடியிலிருந்து அது சாற்றை உறிஞ்ச, பயிர் வட்டம் வட்டமாகத் தீய்ந்தது போற் காய்ந்தது. மருந்தடித்த வயலிலும் அது மீண்டும் வந்தது; சிலவேளை முன்னிலும் மிகுதியாக வந்தது. காரணம் எளியது. தத்தி தன் முட்டையை இலையுறையினுள்ளே புதைக்கின்றது. நஞ்சு அங்கே செல்வதில்லை. ஆனால் தத்தியை வேட்டையாடும் ஓநாய்ச் சிலந்தியும், முட்டையை உறிஞ்சும் சிறு பச்சைப் பூச்சியும் நஞ்சில் மடிகின்றன. பின்னர் பொரிக்கும் குஞ்சுகளுக்குப் பகையில்லை. 1980களின் தொடக்கத்திற் பிலிப்பைன்ஸ் வயலாய்வுகள் இதனை உறுதிப்படுத்தின.

1980இல் இலங்கையில் வெளியிடப்பட்ட பி.ஜி. 379-2 என்னும் நெல் தத்தியை எதிர்த்து நின்றது. அதன் எதிர்ப்பாற்றல் கேரளத்துப் பட்டாம்பியின் பி.டி.பி. 33இலிருந்து பெறப்பட்டதாகும். மட்டக்களப்பின் மலையாளத் தொடர்பைக் குடிமரபிலும் கண்ணகி வழிபாட்டிலும் தேடுவோர் நெல்மணியிலும் அதனைக் காணலாம்!

1984இல் உலக உணவு விவசாய நிறுவனத்தின் துணையுடன் ஒருங்கிணைந்த பீடைக் கட்டுப்பாட்டுத் திட்டம் இலங்கையில் தொடங்கிற்று. நெற்புதரைத் தட்டித் தத்தியையும் சிலந்தியையும் சேர்த்தெண்ணிய பின்னரே மருந்தைப் பற்றி முடிவெடுக்குமாறு அது கூறிற்று. 1986இல் இந்தோனேசியா நெல்லுக்கு 57 நாசினிகளைத் தடைசெய்தது. இலங்கையோ மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் ஆகியவற்றை 1995இல் விலக்கிற்று. அது சிலந்தியை நினைந்தன்று. அவற்றை அருந்தி மாண்ட மனிதரை நினைந்து. அவற்றின் இடத்தை எண்டோசல்பான் பிடித்தது. அதனாலும் மாந்தர் மாண்டனர். 1998இல் அதுவும் தடையுண்டது.