நகரபிதா துரையப்பாவும் நகரத்தார் தீர்ப்பும்

ஒரு நகரின் வரலாறு கோட்டைகளாலும் போர்களாலும் மாத்திரம் அமைவதன்று. வீதி, விளக்கு, வடிகால், சந்தை என்பவற்றைப் பேணும் சபையின் வரலாறும் அதனுள் அடங்கும். யாழ்ப்பாணத்து நகரசபை 1949 ஆம் ஆண்டிலே மாநகரசபையாக உயர்ந்தது. சாம் சபாபதி அதன் முதலாவது முதல்வரானார். அவருக்குப் பின் அவ்வாசனத்தில் அமர்ந்தோருள், மிகுதியாகப் போற்றவும் தூற்றவும் பட்டவர் அல்பிரட் துரையப்பா ஆவார்.

1926 இற் பிறந்த துரையப்பா சட்டத்தரணியாகத் தொழில் புரிந்தவர். சபாபதி காலத்தில், 1954 இல், அடிக்கல் நாட்டப்பெற்ற பொது நூல்நிலையம் 1959 ஒக்டோபர் 11 ஆந் திகதி துரையப்பாவினாலே திறந்து வைக்கப்பெற்றது. சென்னைச் சிற்பி நரசிம்மன் வகுத்த திராவிடப் பாணிக் கட்டடம் அது. ஒருவர் தொடங்கியதை மற்றொருவர் நிறைவேற்றுதலே உள்ளூராட்சியின் இயல்பு என்பதற்கு அது தக்க சான்றாகும்.

1960 மார்ச்சுத் தேர்தலிலே தமிழ்க் காங்கிரசுத் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலத்தைச் சுயேச்சையாக நின்று தோற்கடித்து அவர் பாராளுமன்றம் புகுந்தார். அவ்வாண்டு யூலையிலும் வென்றார். 1965 இல் அதே பொன்னம்பலம் அவரை வென்றார். 1970 இலோ தமிழரசுக் கட்சியைச் சேர்ந்த சி. எக்ஸ். மார்ட்டினிடம் 56 வாக்குகளாலே தோற்றார். ஏற்றியவர்களும் இறக்கியவர்களும் நகரத்து வாக்காளரேயாவர்.

பின்னர் அவர் மீண்டும் முதல்வரானார். சோலைவரியும் அனுமதிக் கட்டணமும் அன்றாடச் செலவுக்கு உதவுமேயன்றிப் பெரும்பணிகளுக்குக் கொழும்பின் கொடையே வேண்டியிருந்தது. துரையப்பா ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் யாழ்ப்பாண அமைப்பாளராகி, ஆளுங்கட்சியின் உறவை நாடினார். நகருக்கு நலந்தேடும் வழி அதுவென அவரை ஆதரித்தோர் கருதினர். ஆயினும், பல்கலைக்கழக அனுமதியிலே தரப்படுத்தலும் 1972 ஆம் ஆண்டு அரசியல் யாப்பும் தமிழ் இளைஞரைக் கொதிப்புறச் செய்த காலம் அது. அவ்வுறவே அவர் மீது வெறுப்பாகத் திரும்பியது. 1974 சனவரி 10 ஆந் திகதி, உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளிலே, பொலிசார் கூட்டத்திற் புகுந்ததனால் நேர்ந்த உயிரிழப்புக்களுக்கு அவரும் பொறுப்பாளி எனப் பலர் குற்றஞ்சாட்டினர்.

அக்குற்றச்சாட்டு அடுத்த தேர்தலில் ஆராயப்பட்டிருக்கலாம். அதற்கு இடமிருக்கவில்லை. 1975 யூலை 27 ஆந் திகதி பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயிலுக்கு வந்த முதல்வர் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கொலைக்குத் தமிழீழ விடுதலைப் புலிகள் 1978 இல் உரிமை கோரினர்.

அத்துடன் நின்றதா? அவர் திறந்த நூல்நிலையம் 1981 இலே ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரியூட்டப்பட்டது. 1998 இலே முதல்வர் சரோஜினி யோகேஸ்வரனும், அவர்க்குப் பின் வந்த பொன். சிவபாலனும் ஒரே ஆண்டினுள் கொல்லப்பட்டனர்.

துரையப்பாவின் அரசியல் சரியா பிழையா என்பதில் இன்றும் கருத்தொற்றுமை இல்லை. ஆயினும் ஒன்று தெளிவு. வாக்கினால் வீழ்ந்தவர் தம் செயலுக்கு விளக்கங் கூறலாம், தவற்றை உணரலாம், மக்கள் மனமும் மாறலாம். துவக்கு அவ்வழிகளை அடைத்துவிடுகின்றது. 56 வாக்குகளாலே ஒருவரை விலக்கவல்ல நகரத்தாரிடமிருந்து தீர்ப்புரிமை பறிக்கப்பட்டமையே அந்நாளில் யாழ்ப்பாணம் அடைந்த பேரிழப்பாகும்.