முன்ஷிகளும் நாமும்: அரபி ஆசிரியரின் பிழைப்பும் பொறுப்பும்

காவிரியின் வடகரையில், குளித்தலைக்கு எதிரே அமைந்துள்ள ஊர் முசிறி. சங்கப் பாடல்களில் வரும் முசிறி இதுவன்று. அது சேரநாட்டின் மேலைக்கடல் துறைமுகம். அத்துறைமுகத்தோடு நடந்த வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம் ஒன்று, கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாப்பிரஸ் ஏட்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்று, இன்று வியன்னாவில் பாதுகாக்கப்படுகின்றது. மிளகு விற்ற தமிழனுக்கும் அதை வாங்கிய அயலவனுக்கும் இடையில் இருமொழி அறிந்த ஒருவன் நின்றிருக்க வேண்டும். அவன் பெயர் நமக்கு எட்டவில்லை. எனினும், அவனே நம் தொழிலின் மூதாதை.

நம் முசிறியிலிருந்து வந்து ஓதிய மாணவர் ஒருவர், ஸனது பெற்ற சில மாதங்களுக்குப் பின் ஒரு காகிதத்தோடு நம்மைத் தேடி வந்தார். சவூதியில் பல்லாண்டுகள் உழைத்துத் திரும்பிய அவருடைய மாமா, புறப்படும் நாளில் கையொப்பமிட்ட காகிதத்தின் நகல் அது. பயணச்சீட்டுக்கான படிவம் என்று சொல்லிக் கையொப்பம் பெற்றார்களாம். அதன் தலைப்பில் இருந்த சொல் 'முகாலஸா'. வரவேண்டிய ஊதியம் அனைத்தையும் பெற்றுக்கொண்டேன், இனி எனக்கு உரிமைக்கோரிக்கை ஏதுமில்லை என்று எழுதித் தரும் தீர்வுப் பத்திரம் அது. சில மாத ஊதியம் அவருக்கு வரவேயில்லை.

"ஹஜ்ரத், ஏழு வருடம் ஓதியும் மாமாவின் ஒரு காகிதத்தை என்னால் விளங்க முடியவில்லையே" என்றார் அம்மாணவர். அச்சொல்லின் மூல எழுத்துகள் அவருக்குத் தெரியும். 'இக்லாஸ்' என்னும் சொல் பிறந்த அதே வேர்தான். அது எந்த வாய்பாட்டில் அமைந்தது என்பதும் தெரியும். அச்சொல் ஓர் ஏழையின் உழைப்பை எவ்வாறு விழுங்கும் என்பதுதான் தெரியவில்லை. அதை அவருக்கு நாம் கற்பிக்கவில்லை.

இக்குறையின் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்ப்போம்.

திருச்சிராப்பள்ளி ஒரு காலத்தில் பல மொழிகள் வழங்கிய அரசியல் நகரம். ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா நத்ஹர் வலீ தர்காவில் அடங்கியிருப்பதே அந்நகருக்கிருந்த மதிப்புக்குச் சான்று. அவருடைய அரசவையின் மொழி பாரசீகம். தமிழ் பேசும் குடிகளுக்கும் பாரசீகம் எழுதும் அலுவலருக்கும் இடையில் முன்ஷிகளும் துபாஷிகளும் வாழ்ந்தனர். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ், பின்னர் திருச்சியில் பணிபுரிந்தார். அவர் தமிழோடு பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றுத் தேர்ந்தவர். 1779இல் ஹைதர் அலியிடம் தூது செல்லச் சென்னை ஆங்கில அரசு அவரையே தேர்ந்தது. மொழியறிவு ஒரு பாதிரியாரைத் தூதராக்கியது; பிற சமயத்தாரின் மொழியை உழைத்துக் கற்றதன் பயன் அது.

1812இல் எல்லிஸ் துரையின் முயற்சியால் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தோன்றியது. கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்குத் தமிழ், தெலுங்கு முதலிய தென்மொழிகளுடன் அரபியும் பாரசீகமும் அங்கே கற்பிக்கப்பட்டன. மொழி கற்பிக்கும் முன்ஷிகளுக்கு அங்கே ஊதியம் இருந்தது, தேர்வு இருந்தது, தகுதிச் சான்றும் இருந்தது. மொழியோடு இந்துச் சட்டமும் முஸ்லிம் சட்டமும் பயிற்றப்பட்டன என்பதை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். மொழியை மட்டும் தனியே விற்கும் கடையாக அக்கல்லூரி இருக்கவில்லை.

ஆயினும் அரசு கொடுத்த வாழ்வை அரசே எடுத்துக்கொண்டது. 1837ஆம் ஆண்டுச் சட்டத்தையடுத்துக் கம்பெனி ஆட்சியில் பாரசீகம் அலுவல் மொழி என்னும் நிலையை இழக்கலாயிற்று. 1854இல் சென்னைக் கல்லூரியும் மூடப்பட்டது. ஆட்சியின் தேவையை மட்டுமே நம்பி நிற்கும் மொழியாசிரியன், அத்தேவை தீரும் நாளில் தெருவில் நிற்பான் என்பதே முன்ஷிகளின் வரலாறு நமக்குச் சொல்லும் பாடம்.

அரபி அவ்வாறு வீழவில்லை. மார்க்கம் அதைக் காத்தது. வேலூர் பாக்கியாத்தும், 1924இல் தோன்றிய உமராபாத் தாருஸ்ஸலாமும், 1951இல் திருச்சியில் எழுந்த ஜமால் முகமது கல்லூரியின் அரபித் துறையும் அம்மொழியை வளர்த்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் அரபி, பாரசீக, உருதுத் துறையில் பேராசிரியராக விளங்கிய முஹம்மது ஹுசைன் நயினார், வாலாஜா நவாபின் வரலாறு கூறும் 'துஸுகே வாலாஜாஹி' என்னும் பாரசீக நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். தென்னிந்தியா பற்றி அரபுப் புவியியலார் அறிந்திருந்தவற்றைத் தொகுத்து 1942இல் நூலாக வெளியிட்டார். மொழியாசிரியர் ஒருவர் வரலாற்றுக்கு எத்தகைய கொடையை அளிக்கலாம் என்பதற்கு அவர் சான்று.

1973இல் அரபி ஐக்கிய நாடுகள் அவையின் மொழிகளுள் ஒன்றாயிற்று. அதே காலத்தில் எண்ணெய் விலை உயர, வளைகுடாவின் கதவுகள் நம் இளைஞர்களுக்குத் திறந்தன. அவர்கள் கொத்தனாராகவும் ஓட்டுநராகவும் சென்றனர். அவர்களுடைய ஒப்பந்தங்கள் அரபியில் இருந்தன. சவூதியின் தொழிலாளர் சட்டப்படி, ஒப்பந்தம் இருமொழியில் அமைந்து வேறுபாடு எழுந்தால் அரபிப் பாடமே செல்லும். அந்த அரபியைப் படித்துக் காட்டும் திறன் பெற்றிருக்க வேண்டிய நாமோ, காஃபியாவின் விரிவுரையில் அமிழ்ந்திருந்தோம்.

காஃபியா வேண்டாம் என்று நாம் கூறவில்லை. அடித்தளமின்றிக் கட்டடமில்லை. ஆனால் அடித்தளத்தை மட்டும் இட்டுவிட்டு வீடு கட்டியதாகக் கூறலாகாது. இன்று அரபி கற்றவருக்குப் பள்ளிவாசல், மதரஸா ஆகியவற்றுக்கு வெளியேயும் பணிகள் உண்டு. முதுகலையோடு தேசியத் தகுதித் தேர்வில் தேறியவர் கல்லூரி ஆசிரியராகலாம். ஆவண மொழிபெயர்ப்பு, அரபு நாட்டு நோயாளிகள் வரும் மருத்துவமனைகளில் உரைபெயர்ப்பு, ஏற்றுமதி நிறுவனங்களின் கடிதப் போக்குவரத்து, அரபுத்தமிழ்ச் சுவடிகளைப் படித்துப் பதிப்பித்தல் எனத் துறைகள் பல. இவற்றுக்கு வேண்டிய திறன்கள் நான்கு எனக் கருதுகிறோம். பேச்சும் கடிதமும் தடையின்றி வரும் இக்கால அரபி. பிழையற்ற தமிழும் ஆங்கிலமும். கணினியில் அரபி எழுதும் பயிற்சி. சட்டம், வணிகம், மருத்துவம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றின் கலைச்சொல்லறிவு. இயந்திரங்கள் நொடியில் மொழிபெயர்க்கும் இந்நாளில் நான்காவதே முதன்மையானது. சொல்லுக்குச் சொல் தரும் இயந்திரம், கையொப்பத்துக்கு முன் "பொறுங்கள், இதில் போடாதீர்கள்" என்று மாமாவின் கையைப் பிடிக்காது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். கடிதங்களில் ஏமாற்றப்படாதிருக்கவே அந்த ஏற்பாடு. ஸைத் (ரலி) அரை மாதத்துக்குள் கற்றுத் தேர்ந்ததாக ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. அம்மொழியறிவு அன்று சமூகத்தின் காவலாக இருந்தது. அதனாலேயே அதைக் கற்றவருக்கு மதிப்பும் இருந்தது.

அம்மாமாவுக்கு இழந்த ஊதியம் திரும்பவில்லை. மாணவரோ, வெளிநாடு செல்லும் முசிறி இளைஞர்களின் ஒப்பந்தங்களை வியாழக்கிழமை தோறும் மஃரிபுக்குப் பின் இலவசமாகப் படித்து விளக்கி வருகிறார். விளங்காத சொல்லை நமக்குத் தொலைபேசியில் கேட்கிறார். சிலவற்றை நாமும் அகராதி புரட்டிய பின்பே சொல்கிறோம். இந்த வயதில் நமக்கும் ஒரு பாடம் தொடங்கியிருக்கிறது. அதை வகுப்பறைக்குள் கொண்டு வருவதே நம்மைப் போன்ற ஆசிரியர்கள் செலுத்த வேண்டிய கடன்.