கருஞ்சிறுத்தையின் கதை

அபூர்வ சக்தி படைத்த வீரர்கள் தோன்றி உலகைக் காப்பாற்றும் அமெரிக்கப் படங்களை நம் பிள்ளைகள் விரும்பிப் பார்க்கிறார்கள். அவற்றுள் 2018ஆம் ஆண்டு வெளிவந்த 'பிளாக் பந்தர்', அதாவது கருஞ்சிறுத்தை, என்ற படத்தைப் பற்றி இன்று பேசுவோம். சண்டைப் படத்துக்கும் சரித்திரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நிறைய உண்டு.

ஹாலிவுட் படங்களில் நெடுங்காலம் கறுப்பினத்தவருக்குப் பெரும்பாலும் கிடைத்தவை சமையற்காரி, வண்டியோட்டி, எடுபிடி போன்ற வேடங்களே. 1939இல் வந்த 'கான் வித் தி விண்ட்' படத்தில் பணிப்பெண்ணாக நடித்த ஹாட்டி மெக்டேனியல், மறு ஆண்டு ஆஸ்கார் பரிசு பெற்றார். கறுப்பினத்தவர் ஒருவருக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதன்முறை. ஆனால் அந்த விருந்து மண்டபத்தில் சக நடிகர்களோடு அமர அவருக்கு இடமில்லை. சுவரோரமாகத் தனி மேசை போட்டிருந்தார்கள்.

கருஞ்சிறுத்தை பிறந்தது 1966இல், ஒரு படக்கதைப் புத்தகத்தில். படைத்தவர்கள் ஸ்டான் லீ, ஜாக் கிர்பி என்ற இரு வெள்ளையர்கள். அமெரிக்கக் கறுப்பின மக்கள் சம உரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்த காலம் அது. அந்த வீரன் தனக்கென ஒரு படத்தின் நாயகனாவதற்கு 52 ஆண்டுகள் ஆயின. இயக்கியவர் ரயன் கூக்ளர் என்ற கறுப்பின இளைஞர். நாயகனாக நடித்தவர் சாட்விக் போஸ்மன்.

கதை நடப்பது ஆப்பிரிக்காவில், வகாண்டா என்ற கற்பனை நாட்டில். அரிய உலோகம் ஒன்றால் செழித்த அந்நாடு, ஏழை நாடுபோல் வேடமிட்டு அந்நியர் கண்ணில் படாமல் தப்பித்துக்கொள்கிறது. தப்பாத நாடுகளின் கதி என்ன? காங்கோவை எடுத்துக்கொள்வோம். 1885 முதல் 1908 வரை அது பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் சொந்த உடைமையாக இருந்தது. அங்கே காட்டுக் கொடிகளிலிருந்து ரப்பர் பால் எடுக்க மக்களை வதைத்தார்கள். குறித்த அளவு கொண்டுவராத கிராமங்களில் கைகளை வெட்டினார்கள். ரப்பர் பாலின் எடை என்றால் என்னவென்று நம் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தும் வகாண்டா முழுக் கனவன்று. 1896இல் எத்தியோப்பியப் படை, அட்வா என்ற இடத்தில் இத்தாலியப் படையை முறியடித்தது.

படத்தில் பார்க்க ரசமான காட்சிகள் பல. மன்னனின் மெய்க்காவலர் அனைவரும் பெண்கள். விஞ்ஞானக் கூடத்தை நடத்துபவள் அவன் தங்கை. ஒரு முரட்டுத் தலைவன், "உன்னை என் பிள்ளைகளுக்கு இரையாக்குவேன்" என்று மிரட்டிவிட்டு, தாங்கள் சைவம் என்று சொல்லிச் சிரிக்கிறான்! பல ஆப்பிரிக்க இனத்தாரின் ஆடை அணிகளை ஆராய்ந்து உடைகளை அமைத்த ரூத் கார்ட்டர், 2019இல் ஆஸ்கார் பெற்றார். இறுதிச் சண்டை மட்டும் வெறும் கணினி வித்தை. நமக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

படத்தின் உயிர் வில்லனிடம் இருக்கிறது. கில்மாங்கர் என்ற அவனும் அரச இரத்தமே. அவன் தந்தையை, தந்தையின் அண்ணனான மன்னரே 1992இல் அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில் கொன்றுவிட்டு, குழந்தையை அங்கேயே விட்டுப் போகிறார். அனாதையாய் வளர்ந்தவன் திரும்பிவந்து கேட்கிறான்: உலகெங்கும் நம் இனத்தார் வதைபட்டபோது, எல்லாம் வைத்திருந்த நீங்கள் எங்கே இருந்தீர்கள்? அவன் வழி கொலைவழிதான். ஆனால் கேள்விக்கு அரசவையில் எவரிடமும் பதில் இல்லை.

லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில், ஆப்பிரிக்கப் பொருள்களை உங்கள் முன்னோர் விலை கொடுத்தா வாங்கினார்கள் என்றும் அவன் கேட்கிறான். பெனின் அரண்மனைச் சிற்பங்களைப் பிரிட்டிஷ் படையினர் 1897இல் கொள்ளையடித்துச் சென்றது நடந்த கதை.

குத்துப்பட்டுச் சாகும் தறுவாயில், குணப்படுத்துகிறேன் என்கிறான் மன்னன். சிறையில் வாழ்வதைவிட, கப்பலிலிருந்து குதித்த தன் முன்னோரோடு கடலில் கிடப்பதே மேல் என்கிறான் அவன். அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்டோர் ஏறக்குறைய 1 கோடியே 25 லட்சம் பேர். அவர்களுள் சுமார் 18 லட்சம் பேர் கரை சேரவில்லை.

போஸ்மன் 2020 ஆகஸ்டில், தம் 43ஆவது வயதில் புற்றுநோயால் மறைந்தார். படத்தின் முடிவில் அவர் ஏற்ற மன்னன் அந்த ஓக்லாந்துக்கே போகிறான். சிற்றப்பன் கொலையுண்ட கட்டடத்தை விலைக்கு வாங்கி, அங்குள்ள மக்களுக்கு உதவும் நிலையம் ஆக்கப்போகிறான். பந்து விளையாடிக்கொண்டிருந்த ஒரு கறுப்பினச் சிறுவன் அருகில் வந்து, "நீங்கள் யார்?" என்று கேட்கிறான். மன்னன் புன்னகை செய்கிறான்.