கண்டாங் கெர்பாவ் பிள்ளைகள்

சிங்கப்பூர்த் தேக்காவுக்கு அருகில் கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரி இருக்கிறது. மலாயில் எருமைக் கொட்டில் என்று பொருள். நம்மவர் முன்பு அந்த வட்டாரத்தில் மாடு வளர்த்தனர். 1924-இல் 30 படுக்கைகளோடு பிரசவ ஆஸ்பத்திரியாயிற்று. 1966-இல் மட்டும் 39,835 குழந்தைகள் அங்கே பிறந்தன. தாயும் பிள்ளையும் உயிரோடு வீடு திரும்பவேண்டுமே என்பதுதான் அன்றைய கவலை.

பிள்ளையின் மனத்தைப் பற்றிய கேள்வி பின்னால் வந்தது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மைக்கேல் மீனி எலிகளை ஆராய்ந்தார். எலியா என்று சிரிக்காதீர்கள்! தாய் அதிகம் நக்கிக்கொடுத்த குட்டிகள் வளர்ந்தபின் எளிதில் பதறவில்லை என்று அவர் குழு 1997-இல் வெளியிட்டது. பெற்றவளை விட்டு வேறு தாயிடம் வளர்ந்த குட்டியும் வளர்த்தவளின் அரவணைப்பையே பின்பற்றியதை 1999-இல் காட்டினர்.

மீனி பிற்பாடு சிங்கப்பூர் ஆய்விலும் சேர்ந்தார். கஸ்டோ என்னும் அவ்வாய்வு 2009-இல் கண்டாங் கெர்பாவிலும் தேசியப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியிலும் தொடங்கிற்று. சீன, மலாய், இந்தியத் தாய்மார் ஏறக்குறைய 1,200 பேர். கர்ப்பகால மனச்சோர்வுக்கும் குழந்தையின் மூளையில் அச்சத்தைக் கையாளும் பகுதிக்கும் தொடர்பு தெரிந்தது. இதைத் தாயின் குற்றமென்று கொள்ளலாகாது. சோர்ந்தவளுக்குத் துணை வேண்டும்.

விடியுமுன் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு பால்வெட்டுக்கு ஓடிய தாய்மாரை நான் அறிவேன். என் வகுப்பில் எதற்கும் கலங்காத ஒரு பையன், அந்த ஆயம்மா மடியில் வளர்ந்தவன்.