மூவர் போட்ட ஒற்றைக் கையொப்பம்

பிராங்ஃபர்ட் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் கிளாஸ் பீட்டர் ஷ்னோர் 1989இல் ஒரு டிஜிட்டல் கையொப்ப முறையை முன்வைத்தபோது, அவர் மனத்தில் இருந்தது ஸ்மார்ட் கார்டு. அட்டைக்குள் இருக்கும் சின்னஞ்சிறு சில்லால் பெரிய கணக்குகளைப் போட முடியாது. ஆகவே முறை எளிமையாக இருந்தாக வேண்டும். ரகசியச் சாவியை ஓர் எண்ணால் பெருக்கி, ஒருமுறை மட்டுமே பயன்படும் இன்னொரு ரகசிய எண்ணோடு கூட்டினால் கையொப்பம் தயார். பெருக்கலும் கூட்டலும்தான், வகுத்தல் கிடையாது.

1991இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பிறர் அதைத் தாராளமாக எடுத்தாள முடியவில்லை. அதே ஆண்டு அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் டிஎஸ்ஏ என்ற முறையை முன்மொழிந்தது. அதுவும் தம் காப்புரிமைக்குள் வரும் என்று ஷ்னோர் வாதாடினார். உலகமோ டிஎஸ்ஏ வழியிலேயே நடந்தது. அதன் வாரிசுதான் இசிடிஎஸ்ஏ. 2008 அக்டோபரில் சதோஷி நகமோட்டோவின் பிட்காயின் அறிக்கை வெளிவந்தது. ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளில் ஏற்கெனவே தயாராக இருந்த இசிடிஎஸ்ஏவோடுதான் பிட்காயின் பிறந்தது.

அதன் விலையைப் பயனாளர்கள் கொடுத்தார்கள். தலைவர், செயலர், பொருளாளர் மூவரும் ஒப்பமிட்டால்தான் ஒரு சங்கத்தின் பணத்தை எடுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் அதைச் செலவிடும்போது மூன்று பொதுச் சாவிகளும் மூன்று கையொப்பங்களும் பிளாக்செயினில் பதிவாகும். அது எவரும் படிக்கக்கூடிய, அழிக்க முடியாத பேரேடு. ஒரு சங்கமோ குடும்பமோ தன் பணத்தை எப்படிக் காக்கிறது என்பது ஊருக்குத் தெரிய வேண்டிய செய்தியல்ல.

ஷ்னோரின் எளிமை இங்கேதான் கைகொடுத்தது. மூவரின் பொதுச் சாவிகளைச் சேர்த்து ஒரே சாவியாக்கலாம். மூவரின் ஒப்பங்களைக் கூட்டி 64 பைட் அளவுள்ள ஒரே கையொப்பமாக்கலாம். வெறுமனே கூட்டினால் ஆபத்து உண்டு: ஒருவர் மற்றவர்களின் சாவிகளைக் கழித்துவிடும்படி தன் சாவியைத் தந்திரமாக அமைக்கலாம். 2018இல் வந்த மியூசிக் என்ற நெறிமுறை அந்த ஓட்டையை அடைத்தது. அதே ஆண்டு ஜனவரியில் கிரெகரி மேக்ஸ்வெல் டாப்ரூட் யோசனையை முன்வைத்தார்: ஒரு பணத்துக்குப் பல நிபந்தனைகள் இருந்தாலும், எல்லாரும் உடன்பட்டால் ஒரு கையொப்பம் மட்டுமே வெளியே தெரியும், இல்லையேல் பயன்படுத்திய நிபந்தனை மட்டும் தெரியும். பீட்டர் வியூல, ஜோனாஸ் நிக், டிம் ரஃபிங் மூவரும் ஷ்னோர் கையொப்பத்துக்கு பிஐபி 340 என்ற வரையறையை எழுதினர். 2021 நவம்பர் 14 அன்று, 7,09,632ஆவது பிளாக்கில், இரண்டும் நடைமுறைக்கு வந்தன.

இப்போது அந்தச் சங்கத்தின் செலவும் ஒரு தனியாளின் செலவும் பேரேட்டில் ஒரே தோற்றம். தொகையும் பணம் செல்லும் முகவரியும் இன்னும் வெளிப்படையாகவே இருக்கின்றன. அவற்றை இந்தக் கையொப்பம் மறைக்காது. டாப்ரூட் முகவரிகளும் பழைய முகவரிகளிலிருந்து தனித்துத் தெரியும். அதனால்தான் ஒளிக்க எதுவும் இல்லாதவரும் இதற்கு மாற வேண்டும் என்கிறேன். தனியாள் ஒருவர் மாறும்போதெல்லாம், அந்த மூவர் கலந்து நிற்கும் கூட்டத்தில் இன்னொருவர் சேர்கிறார்.