கொடையாகும் கால்நடை: திபெத்திய உழவர் குடும்பங்களும் இடர்ப் பகிர்வும்

திபெத்தின் ஏழை உழவர் குடும்பங்களுக்குக் கறவை விலங்கும் வளர்ப்புப் பயிற்சியும் தரும் திட்டங்களை, வழங்கிய தலைகளின் எண்ணிக்கையால் அளப்பது எளிது. ஆனால் அந்த அளவுகோல் போதாது. எந்த விலங்கு தரப்படுகிறது, அது செத்தால் இழப்பு யாரைச் சேரும், குளிர்காலத்தைத் தாண்ட என்ன கற்பிக்கப்படுகிறது ஆகிய மூன்றுமே கொடையின் பயனைத் தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

விலங்கு கைக்கு வந்தால் வறுமை நீங்கும் என்ற நம்பிக்கை முன்பே சோதிக்கப்பட்டுவிட்டது. மேற்குத் திபெத்தின் ஃபாலா பகுதியில் 1981இல் கம்யூன் கலைக்கப்பட்டு, மந்தைகள் ஆளுக்குச் சமமாகப் பிரிக்கப்பட்டன. 1986 முதல் 1988 வரை அங்கே கள ஆய்வு செய்த மெல்வின் கோல்ட்ஸ்டைனும் சிந்தியா பீலும் அந்தச் சமநிலை குலைந்திருந்ததைப் பதிவுசெய்தனர். சில குடும்பங்களின் மந்தை பெருகியிருந்தது. வேறு சில, பிறரிடம் கூலிக்கு நின்றன. ஃபாலா மக்கள் நாடோடி மேய்ப்பர்கள்தாம். எனினும் ஆள்பலம், திறமை, பனிப்பொழிவு ஆகியவை மந்தையை ஆக்கியும் அழித்தும் விடும் என்பது உழவருக்கும் பொருந்தும்.

வாற்கோதுமை விளையும் பள்ளத்தாக்குகளில் குடும்பத்துக்குத் தேவையானவை வெண்ணெய், உழவு, எரிக்க வறட்டி. பெண் யாக் முதல் கன்றை ஈன மூன்று, நான்கு வயதாகும். அதன்பின் பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் ஈனும். யாக்குக்கும் மாட்டுக்கும் பிறந்த பெண் கலப்பினமான ட்ஸோமோ அதைவிட அதிகம் பால் கறக்கும். ஆண் கலப்பினம் ஏருக்கு ஏற்றது, ஆனால் மலடு. ட்ஸோமோ ஈனும் கன்றுகளோ தரம் குறைந்தவை. ஆகவே ட்ஸோமோ இன்றைய பாலைத் தரும்; பெண் யாக் நாளைய மந்தையைத் தரும்.

1944இல் புவேர்ட்டோ ரிக்கோவுக்குக் கிடேரிகளை அனுப்பிப் பணியைத் தொடங்கிய ஹெய்ஃபர் அமைப்பு, முதல் பெண் கன்றை வேறொரு குடும்பத்துக்குத் தரும் விதியைப் பரப்பியது. பசுவுக்கு ஏற்ற அவ்விதி யாக்கிடம் பல ஆண்டு தாமதமாகும், ட்ஸோமோவிடம் பொருளிழக்கும். திபெத்தில் விலங்குகளை வாரத்துக்கு விடும் பழைய முறையில் இரு வகை உண்டு. ஒன்றில், விலங்கு செத்தாலும் குறித்த வெண்ணெயைச் செலுத்தியாக வேண்டும். மற்றொன்றில், பிறப்பும் இறப்பும் உரிமையாளர் கணக்கில் சேரும். பனியில் தாய் மடிந்த பின்னும் கன்று கேட்கும் கொடை, முதல் வகையின் மறுவடிவமே.

குளிர்கால இறுதிக்குள் யாக் தன் எடையில் ஏறத்தாழ கால் பங்கை இழக்கும். எனவே பயிற்சி தீவனத்தில் தொடங்க வேண்டும்: வைக்கோலைச் சேமித்தல், தீவன ஓட்ஸ் விதைத்தல், உலர்புல் அடுக்குதல். அடுத்தது நோய்த் தடுப்பு. அறுத்த விலங்கின் ஈரலையும் நுரையீரலையும் பச்சையாக நாய்க்குப் போடுவதால் பரவும் நீர்க்கட்டி நோய் பீடபூமி மக்களைக் கடுமையாக வாட்டுகிறது. நாய்களுக்குக் குடற்புழு நீக்கம் செய்வது அதைக் குறைக்கும். கறப்பதும் கடைவதும் பெண்கள் என்பதால், அவர்கள் இல்லாத வகுப்பு வீணாகும்.

புதிய விலங்குகள் மேய்ச்சல் நிலத்தை மேலும் சிதைக்கும் என்ற மறுப்பு நியாயமானது. பக்கத்து மந்தைகளிலேயே விலங்குகளை வாங்கிக் கொடுத்தால் மொத்த எண்ணிக்கை கூடாது. கொடையாளர்கள் தலைக்கணக்கை விட்டு, மூன்றாம் குளிர்காலத்துக்குப் பிறகு எத்தனை வீடுகளில் கறவை நிற்கிறது என்று எண்ண வேண்டும். பனியில் மடியும் விலங்கின் இழப்பையும் தாமே ஏற்க வேண்டும்.